தூசியில் மறைந்திருந்த நஞ்சு

வீட்டுச் சுவரில் பளிச்சிடும் வண்ணப்பூச்சு, குளியலறையில் இருக்கும் வழுவழுப்பான வெண்ணிறத் தொட்டி, அடுப்பைப் பற்றவைக்கும் தீக்குச்சி ஆகியவை நமக்கு மிகச் சாதாரணப் பொருள்கள். ஆனால், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவற்றைச் செய்த தொழிலாளர்களுள் பலர் தங்கள் உடல்நலத்தை இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். அமெரிக்காவில் அந்த இழப்பை யாரும் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. ஆலைகளுக்குள்ளும் தொழிலாளர்களின் வீடுகளுக்கும் நேரில் சென்று அந்த உண்மையை வெளிக்கொணர்ந்தவர் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன்.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் ஹாமில்டன் 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். அவருடைய பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தனர். மொழிகளும் இலக்கியமும் வரலாறும் அவருக்கு இளமையிலேயே அறிமுகமாயின. கணிதமும் அறிவியலும் மட்டும் போதிய அளவில் கிடைக்கவில்லை. அவருடைய மூத்த சகோதரி எடித், பின்னாளில் பண்டைய கிரேக்கப் பண்பாட்டைப் பற்றிய நூல்களால் புகழ் பெற்றார்.

தந்தையின் வணிகம் நொடித்ததால், தம் வாழ்க்கைக்குத் தாமே பொருளீட்ட வேண்டிய நிலை ஆலிசுக்கு ஏற்பட்டது. அவர் மருத்துவத் துறையைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவர் ஒருவர் தொலைதூர நாட்டுக்கும் செல்லலாம். நகரத்தின் ஏழ்மையான பகுதிக்கும் செல்லலாம். எங்குச் சென்றாலும் பிறருக்குப் பயன்படலாம் என்பது அவருடைய எண்ணம். வீட்டுக் கல்வியில் விடுபட்டுப்போன இயற்பியலையும் வேதியியலையும் முதலில் முயன்று கற்றார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1893இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மேற்கொண்டு நுண்ணுயிரியலும் நோயியலும் கற்க ஜெர்மனிக்குச் சென்றார். பிறர் கண்ணில் அதிகம் படாமல் அமர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அங்குள்ள விரிவுரைகளில் கலந்துகொள்ளப் பெண்களுக்கு இடம் கிடைத்தது.

ஹல் ஹவுசில் கற்ற பாடம்

1897இல் சிகாகோ நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயியல் பேராசிரியராக ஹாமில்டன் பணியேற்றார். அந்நகரில் இருந்த ஹல் ஹவுஸ் என்னும் தொண்டு இல்லத்தில் தங்கினார். ஜேன் ஆடம்ஸ், எலன் ஸ்டார் என்ற இரு பெண்மணிகள் 1889இல் அந்த இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். படித்தவர்கள் ஏழைகளின் நடுவே அண்டை வீட்டாராகக் குடியிருந்து, அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சிகாகோ அப்போது மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. இறைச்சிக் கூடங்களிலும் இரும்பு ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் வேலை தேடி, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். ஹல் ஹவுஸ் இருந்த 19ஆம் வட்டாரத்தில் இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனப் பல இனத்தார் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். பல வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லை. பல குடும்பங்கள் முற்றத்தில் இருந்த ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்தின. குப்பை வண்டிகளும் ஒழுங்காக வருவதில்லை.

இந்நிலையைக் கண்டு பொறுக்காத ஜேன் ஆடம்ஸ், 1895இல் அவ்வட்டாரத்தின் குப்பை ஆய்வாளர் பதவியையே ஏற்றிருந்தார். அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே சென்று, அவை தம் வேலையைச் சரியாகச் செய்கின்றனவா என்று கண்காணித்தார். ஒரு குறுகிய தெருவில் ஒன்றரை அடி ஆழத்துக்குப் படிந்திருந்த குப்பையை அகற்றிய பிறகே, அதனடியில் தளம் போட்ட சாலை ஒன்று இருந்தது தெரியவந்தது. அதே இல்லத்தில் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி, 1893இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டிருந்தார். குறை கூறுவதோடு நின்றுவிடாமல், நேரில் சென்று பார்த்துச் சான்றுகளைத் திரட்டுவது ஹல் ஹவுசின் வழக்கமாக இருந்தது.

ஹாமில்டன் பகலில் கல்லூரியில் பணியாற்றினார். மற்ற நேரங்களில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, தாய்மார்களுக்கு ஆலோசனை வழங்கினார். பல் முளைக்கும்வரை குழந்தைக்குப் பாலைத் தவிர வேறொன்றும் தரக்கூடாது என்று தாம் கல்லூரியில் கற்றதை அவர்களுக்கு எடுத்துரைத்தார். ஆனால், இத்தாலியத் தாய்மார்கள் தங்கள் வழக்கப்படி வேறு உணவுகளையும் ஊட்டிவந்தனர். குழந்தையின் தேவையை அந்தத் தாய்மார்களே நன்கு அறிந்திருந்தனர் என்பதைப் பின்னாளில் அவர் உணர்ந்தார். எளிய மக்களிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு என்ற எண்ணம் அவர் மனத்தில் பதிந்தது.

காய்ச்சலின் காரணத்தைத் தேடி

1902ஆம் ஆண்டு சிகாகோவில் டைஃபாய்டு காய்ச்சல் பரவியது. 19ஆம் வட்டாரத்தில் அதன் கொடுமை மிகுந்திருந்தது. நகர மக்கள்தொகையில் 36இல் ஒரு பங்கினரே அங்கு வாழ்ந்தனர். ஆனால், அந்நோயால் இறந்தவர்களில் 6இல் ஒரு பங்கினர் அவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர்.

டைஃபாய்டுக் கிருமி நோயாளியின் கழிவிலிருந்து, நீர் அல்லது உணவு வழியாக மற்றவர்களின் உடலுக்குள் செல்லக்கூடியது. சிகாகோ மக்கள் மிச்சிகன் ஏரி நீரையே குடித்தனர். நகரின் கழிவுநீர் முன்பு ஆற்றின் வழியாக அதே ஏரியில் கலந்துவந்தது. 1900இல் ஒரு பெரிய கால்வாய் வெட்டப்பட்டு, ஆற்றின் போக்கே ஏரியை விட்டு விலகும்படி மாற்றப்பட்டது. அதற்குப் பிறகும் ஒரு வட்டாரத்தில் மட்டும் இந்நோய் இவ்வளவு கடுமையாகப் பரவியது ஏன் என்ற கேள்வி எழுந்தது.

திறந்த கழிப்பிடங்களில் மொய்க்கும் ஈக்கள் நோயைப் பரப்பியிருக்கலாம் என்று ஹாமில்டன் கருதினார். தோழியர் இருவருடன் தெருத்தெருவாகச் சென்று, கழிப்பிடங்களிலும் சமையலறைகளிலும் ஈக்களைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். சில ஈக்களிடம் டைஃபாய்டுக் கிருமிகள் இருந்தன. 1903இல் வெளிவந்த அவருடைய கட்டுரை பரபரப்பை ஏற்படுத்தியது. நகரச் சுகாதாரத் துறை விசாரணைக்கு உள்ளானது. வீட்டு உரிமையாளர்களிடம் கையூட்டுப் பெற்றுக்கொண்டு, சுகாதாரக் கேட்டைக் கண்டும் காணாமல் இருந்ததாக ஆய்வாளர்கள் சிலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஹாமில்டனின் புகழ் பரவியது.

ஆயினும், கதை அத்துடன் முடியவில்லை. அவ்வட்டாரத்தின் குடிநீர்க் குழாயில் உடைப்பு ஏற்பட்டு, அதில் கழிவுநீர் கலந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது. அதிகாரிகள் அதை மக்களிடமிருந்து மறைத்திருந்தனர். அத்தனை பேர் நோயுற்றதற்கு ஈக்களைவிட அந்தக் குடிநீரே முதன்மைக் காரணம். தமக்குப் புகழ் தேடித்தந்த முடிவு தவறானது என்பதை ஹாமில்டன் மறைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அதை வெளிப்படையாகவே எழுதினார். கிடைத்த முதல் விடையோடு மனநிறைவு கொள்ளக்கூடாது என்ற பாடம், அடுத்து அவர் ஏற்ற பெரும்பணிக்குத் துணைபுரிந்தது.

ஆலைக்குள் ஒரு மருத்துவர்

ஹல் ஹவுசின் அண்டை வீட்டாரில் பலர் விந்தையான நோய்களால் துன்புற்றனர். சாயம் பூசும் தொழிலாளர்களின் மணிக்கட்டுகள் வலுவிழந்து தொங்கின. இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் நச்சுவாயுவால் மயங்கி விழுந்தனர். 1907இல், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் ஆலிவர் வெளியிட்ட நூலை ஹாமில்டன் படித்தார். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தொழிலாளர்களைக் காக்கச் சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவிலோ இந்நோய்களைப் பற்றிய கணக்கெடுப்புக்கூட இல்லை. தங்கள் ஆலைகள் ஐரோப்பிய ஆலைகளைவிடச் சிறந்தவை என்று அமெரிக்க முதலாளிகள் நம்பினர். நோயுற்ற தொழிலாளி வேலையை விட்டுச் சென்றால், அவருடைய இடத்தில் மறுநாளே வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

இந்நிலையில், இல்லினாய்ஸ் மாநில ஆளுநர் தொழில்நோய்களை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தார். 1910இல் அதன் ஆய்வுக்கு ஹாமில்டன் பொறுப்பேற்றார். ஈயத்தால் ஏற்படும் நச்சுப் பாதிப்பை ஆராயும் பணியைத் தாமே எடுத்துக்கொண்டார்.

ஈயம் மெல்லக் கொல்லும் நஞ்சு. அது உடலில் சிறிது சிறிதாகச் சேரும். முதலில் முகம் வெளிறும், பசி குறையும். பிறகு தாங்க முடியாத வயிற்றுவலி வரும். நாளடைவில் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகள் செயலிழக்கும். மூளை பாதிக்கப்பட்டால் வலிப்பும் மரணமும் நேரலாம். தொழிலாளர்கள் கைகழுவாமல் உண்பதால்தான் ஈயம் உடலுக்குள் செல்கிறது என்று முதலாளிகள் கூறிவந்தனர். அதாவது, பழி தொழிலாளியின் மேல் விழுந்தது. ஆனால், காற்றில் பறக்கும் ஈயத் தூசியையும் ஆவியையும் மூச்சோடு உள்ளிழுப்பதே பெரிய ஆபத்து என்பதை ஹாமில்டன் கண்டறிந்தார். கைகழுவுவதால் மட்டும் அந்த ஆபத்திலிருந்து தப்ப இயலாது. ஆலையில் தூசி எழாமல் தடுக்க வேண்டும். அது முதலாளியால்தான் முடியும்.

சான்றுகளைத் திரட்டுவது எளிதாக இல்லை. ஆலைக்குள் நுழைய அவருக்குச் சட்ட உரிமை கிடையாது. நிர்வாகிகளின் இசைவைப் பெற்றே நுழைய முடிந்தது. உயரமான ஏணிகளிலும் குறுகிய நடைபாலங்களிலும் ஏறி, வேலை நடக்கும் முறையைக் கவனித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். பல பதிவுகளில் நோயாளியின் பெயர் இருந்தது. அவர் என்ன வேலை செய்தார் என்ற குறிப்பு இல்லை. ஆகவே, மருந்துக்கடைக்காரர்கள், பாதிரிமார்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பலரையும் தேடிச்சென்று விசாரித்தார். இறுதியில் தொழிலாளர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்.

காட்டப்படாத கூடம்

அவர் வீடுவரை சென்று விசாரித்ததன் பயனை ஒரு நிகழ்வு நன்கு உணர்த்துகிறது. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி ஒருவர் ஈய நஞ்சால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார். ஹாமில்டன் அவர் வேலை செய்த ஆலைக்குச் சென்றார். நிர்வாகிகள் அவரை வரவேற்று, எனாமல் பூசும் இடத்தைச் சுற்றிக்காட்டினர். அங்கு ஆபத்தான எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

ஆயினும், அவர் ஐயம் தீரவில்லை. போலந்து நாட்டுத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிக்குச் சென்று விசாரித்தார். அவருக்குக் காட்டப்பட்டது இறுதிக்கட்ட மெருகு வேலை மட்டுமே என்பதைத் தொழிலாளர்கள் தெரிவித்தனர். உண்மையான எனாமல் வேலை வேறோர் இடத்தில் நடந்தது. ஹாமில்டன் அங்கும் சென்றார். செந்தணலாகக் காய்ந்திருந்த தொட்டிகளின்மேல் தொழிலாளர்கள் எனாமல் தூளைத் தூவிக்கொண்டிருந்தனர். கூடமெங்கும் தூசி பறந்தது. கடும் வெப்பத்தில் மூச்சிரைக்க உழைத்த அவர்கள் அத்தூசியை ஆழமாக உள்ளிழுத்தனர். அத்தூளைச் சோதித்தபோது, அதில் ஈயம் கலந்திருப்பது உறுதியானது. தொழிலாளர்களின் வீடுகளுக்குச் செல்லாமல் இருந்திருந்தால், அந்த ஆலை ஆபத்தற்றது என்றே அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும்.

எல்லா முதலாளிகளும் உண்மையை மறைக்க முயன்றனர் என்று கூறிவிட முடியாது. பெரிய ஈய நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவரான எட்வர்ட் கார்னிஷ், தம் ஆலையில் எவரும் நஞ்சால் பாதிக்கப்படவில்லை என்றே உண்மையாக நம்பினார். மறுக்க முடியாத சான்று காட்டினால், ஹாமில்டன் சொல்லும் மாற்றங்களைச் செய்வதாக வாக்களித்தார். ஹாமில்டன் தளராமல் தேடி, மருத்துவமனையில் சிகிச்சை பெறும் அளவுக்கு ஈய நஞ்சால் பாதிக்கப்பட்ட 22 தொழிலாளர்களின் விவரங்களை அவர்முன் வைத்தார். கார்னிஷ் தம் வாக்கைக் காப்பாற்றினார். தூசியையும் புகையையும் கட்டுப்படுத்தும் அமைப்புகள் ஆலையில் பொருத்தப்பட்டன. தொழிலாளர்களைப் பரிசோதிக்க மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். சட்டத்தின் துணை இல்லாத காலத்தில், சான்றே ஹாமில்டனின் வலிமையாக இருந்தது.

சட்டம் பிறந்தது

ஈயம் பயன்படுத்தப்படும் 70க்கும் மேற்பட்ட செய்முறைகளையும், ஈய நஞ்சால் பாதிக்கப்பட்ட 500க்கும் மேற்பட்டோரையும் அந்த ஆய்வு அடையாளம் கண்டது. அதன் பயனாக 1911இல் இல்லினாய்ஸ் மாநிலம் தொழில்நோய்ச் சட்டத்தை இயற்றியது. ஆபத்தான தொழில்களில் முதலாளிகள் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். கண்டறியப்படும் நோய்களை அரசாங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அதே ஆண்டில், நாடு முழுவதும் இத்தகைய ஆய்வை மேற்கொள்ளும்படி அமெரிக்க மத்திய அரசாங்கம் ஹாமில்டனைக் கேட்டுக்கொண்டது. மாதச் சம்பளம் இல்லை. ஆய்வறிக்கைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஆயினும், அவர் அப்பணியை ஏற்று மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்தார். முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகளை ஆராய்ந்தார். அவை இருக்கும் இடங்கள் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. வானில் எழுந்த மஞ்சள், செம்மஞ்சள் நிறப் புகையை அடையாளமாகக் கொண்டு அவர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். அவ்வாலைகளில் பணியாற்றியோரின் தோலும் வேதிப்பொருளால் மஞ்சளாகியிருந்தது.

ஹார்வர்டில் முதல் பெண்

1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொழில்சார் மருத்துவத்தைக் கற்பிக்க ஹாமில்டனை அழைத்தது. அமெரிக்காவில் அத்துறையை அவரளவுக்கு அறிந்தவர் எவரும் இல்லை. அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. எனினும், அவருக்குச் சில கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆசிரியர் மன்றத்துக்குள் அவர் நுழையக்கூடாது. காற்பந்து ஆட்டங்களுக்கான நுழைவுச்சீட்டுகளைக் கோரக்கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் ஆசிரியர்களோடு நடந்து செல்லக்கூடாது. துணைப் பேராசிரியராகச் சேர்ந்த அவர், பதவி உயர்வு இன்றியே 1935இல் ஓய்வு பெற்றார். ஆனால், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டிலும் தொழிலாளர்களுக்கு நேர்ந்த அநீதியே அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆண்டில் பாதிக் காலம் கற்பித்தார். எஞ்சிய காலத்தில் ஆய்வுப் பணிகளைத் தொடர்ந்தார்.

1920களில் வாகன எரிபொருளான பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறை அறிமுகமானது. 1925இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் ஹாமில்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஈயம் பயன்படும் இடத்தில் விரைவிலோ சிறிது காலம் கழித்தோ நச்சுப் பாதிப்பு தோன்றியே தீரும் என்பது அவருடைய அனுபவம். தீங்கற்ற மாற்றுப் பொருளைத் தேடும்படி அவர் வலியுறுத்தினார். அவருடைய எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. உலகின் கடைசி நாடும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையை வாகனங்களுக்கு நிறுத்தியது 2021ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில், பல தலைமுறைக் குழந்தைகள் வாகனப் புகையோடு ஈயத்தையும் உள்ளிழுத்தே வளர்ந்தனர்.

நிலைத்து நிற்கும் பணி

ஓய்வு பெற்ற பின் ஹாமில்டன் கனெட்டிகட் மாநிலத்தில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தார். 1943இல் தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தமது 101ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், நாடு முழுவதற்குமான தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் கையொப்பமிட்டார். அரசாங்க ஆய்வாளர்கள் ஆலைகளுக்குள் சென்று சோதனையிட அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஹாமில்டன் இன்முகத்தையும் விடாமுயற்சியையும் நம்பிப் பெற்ற அனுமதி, அவர் மறைந்த மூன்று மாதங்களில் சட்டத்தின் உரிமையாயிற்று.

இன்று ஆலைகளில் தூசியை உறிஞ்சும் குழாய்களும், தொழிலாளர்கள் அணியும் முகக்கவசங்களும், குறித்த காலத்தில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளும் நமக்கு வியப்பளிப்பதில்லை. அவை தாமாக வந்துவிடவில்லை. ஆலையின் முன்வாசலில் காட்டப்பட்டதைக் கண்டு திரும்பிவிடாமல், தொழிலாளியின் வீட்டுக்கும் சென்று கேட்டறிந்த ஒரு மருத்துவரின் உழைப்பும் அவற்றில் அடங்கியிருக்கிறது. பிறர் சொல்வதை ஆராயாமல் ஏற்காதது, பாதிக்கப்பட்டவரின் குரலுக்குச் செவிசாய்த்தது, தம் முடிவு தவறெனத் தெரிந்தால் அதை ஒப்புக்கொண்டது ஆகிய பண்புகளே ஆலிஸ் ஹாமில்டனின் ஆய்வுக்கு மதிப்பைத் தேடித்தந்தன. எந்தத் துறையில் பணியாற்றினாலும் நாமும் பின்பற்றத்தக்க பண்புகள் இவை.